துணை அதிபர் வேட்பாளரும் வாக்கு வங்கிகளும்: அமெரிக்க அதிபர் தேர்தல் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் தேர்தல் நெருங்கினால் இரண்டு பேச்சு தவறாமல் அடிபடும். ஒன்று, "துணை அதிபர் வேட்பாளராக இன்னாரை நிறுத்தியதால் அந்த மாகாணம் கைக்கு வந்துவிட்டது." மற்றொன்று, "இந்த முறை இந்தச் சமூகத்து ஓட்டுதான் முடிவு செய்யப்போகிறது." இரண்டையும் எண்களோடு ஒட்டிப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. துணை வேட்பாளர் புதிதாக ஓட்டுக் கொண்டுவருவது அபூர்வம். கட்சிக்குள்ளேயே முறுக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பிடித்து வைப்பதுதான் அவரால் ஆகிற வேலை. ஒரு சமூகத்தின் ஓட்டு எடுபடுவதோ, அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், அங்கே போட்டி எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது.

துணை அதிபருக்குத் தனியாக ஓட்டுப் போட முடியுமா?

முடியாது. வாக்குச்சீட்டில் அதிபர், துணை அதிபர் இருவர் பெயரும் ஒரே கட்டத்தில் ஜோடியாக இருக்கும். ஒருவரைப் பிடித்து மற்றவரைப் பிடிக்காவிட்டாலும் இருவருக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. அதிபரை முறைப்படித் தேர்ந்தெடுப்பவர்கள் மாகாணந்தோறும் நியமிக்கப்படும் தேர்வாளர்கள். அன்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு. அதிகம் வாங்கியவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். அதனால் 1796-இல் ஜான் ஆடம்ஸ் அதிபரானார், அவரை எதிர்த்து நின்ற தாமஸ் ஜெஃபர்சன் அவருக்கே துணை அதிபரானார். 1800-இல் இன்னும் சிக்கல்: ஜெஃபர்சனும் அவர் அணியிலேயே துணை அதிபராக வர வேண்டிய ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 ஓட்டு வாங்கிச் சமமாக நின்றார்கள். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுப்பு நடத்திய பிறகே ஜெஃபர்சன் அதிபரானார். அந்த அனுபவத்தில் வந்ததுதான் 1804-இன் 12-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். தேர்வாளர்கள் இரு பதவிக்கும் தனித்தனியாக வாக்களிப்பது அதிலிருந்துதான். ஜோடியாக நிற்கும் வழக்கமும் அதோடு உறுதிப்பட்டது.

எல்லா நாட்டிலும் ஜோடி முறை கிடையாது. பிலிப்பைன்ஸில் இரண்டு பதவிக்கும் மக்களே தனித்தனியாக வாக்களிக்கிறார்கள். 2016-இல் அங்கே ரொட்ரிகோ டுடெர்டே அதிபராகவும், எதிரணியின் லெனி ரொப்ரெடோ துணை அதிபராகவும் வென்றார்கள்.

ஜெயிக்கத் தேவையான 270 என்ற எண் எங்கிருந்து வருகிறது?

நாடாளுமன்ற இடங்களை ஒட்டித்தான் தேர்வாளர் எண்ணிக்கை: பிரதிநிதிகள் சபை 435, செனட் 100, தலைநகர் வாஷிங்டனுக்கு 3. மொத்தம் 538 தேர்வாளர்கள். பாதிக்கு மேல் ஒன்று என்றால் 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற எல்லா மாகாணங்களிலும் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்த மாகாணத்துத் தேர்வாளர் அத்தனை பேரும் வென்றவருக்கே. கலிபோர்னியாவில் 30 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் 30 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் பலன் ஒன்றுதான். 2024-இல் உண்மையான போட்டி நடந்தது ஏழு மாகாணங்களில்: பென்சில்வேனியா 19, ஜார்ஜியா 16, வட கரோலினா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கான்சின் 10, நெவாடா 6. ஆக 93. துணை வேட்பாளர் தேர்வோ, சமூக வாரியான பிரசாரமோ, எல்லாமே இந்த 93-ஐ நினைத்துச் செய்யப்படுபவை.

இருவரும் ஒரே மாகாணத்தவராக இருந்தால் சட்டப்படி தடையா?

நேரடித் தடை இல்லை. ஆனால் தேர்வாளர் ஒருவர் தன் சொந்த மாகாணத்தைச் சேர்ந்தவர்களுக்கே இரண்டு ஓட்டையும் போடக் கூடாது என்று அதே 12-ஆவது திருத்தம் சொல்கிறது. நெருக்கமான தேர்தலில் இது விபரீதமாகிவிடும். 2000-இல் ஜார்ஜ் புஷ் டெக்சாஸ்காரர். அவருடைய துணை வேட்பாளர் டிக் செனியும் அப்போது அதே மாகாணத்தின் டல்லஸில் குடியிருந்தார். அறிவிப்புக்குச் சற்று முன்பு செனி தன் வாக்காளர் பதிவைப் பழைய மாகாணமான வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். புஷ் வென்றது 271 தேர்வாளர் ஓட்டுப் பெற்று. டெக்சாஸுக்கு அப்போது 32. பதிவை மாற்றாமல் இருந்திருந்தால் புஷ் அதிபராகியிருப்பார், செனிக்கு 239-தான் கிடைத்திருக்கும். துணை அதிபர் யார் என்பதை செனட்தான் முடிவு செய்திருக்க வேண்டும்.

2024-இல் டிரம்ப்பின் துணை வேட்பாளராக மார்கோ ரூபியோ பெயர் அடிபட்டபோதும் இதே கேள்வி எழுந்தது. அவரும் டிரம்ப்பும் 30 தேர்வாளர்களைக் கொண்ட ஃபுளோரிடாவைச் சேர்ந்தவர்கள்.

துணை வேட்பாளர் தன் சொந்த மாகாணத்தை ஜெயித்துக் கொடுப்பாரா?

பெரும்பாலும் இல்லை. 1988-இல் டெக்சாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சனை ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸ் சேர்த்துக்கொண்டார், டெக்சாஸில் தோற்றார். 2004-இல் துணை வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸ், அவருடைய வட கரோலினாவில் தோல்வி. 2012-இல் பால் ரையன், அவருடைய விஸ்கான்சினில் தோல்வி. அதிபர் வேட்பாளரே சொந்த மண்ணில் தோற்றதும் உண்டு: 2000-இல் அல் கோர் டென்னசியை வென்றிருந்தால் ஃபுளோரிடாவில் 537 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த பஞ்சாயத்துக்கே அவசியம் வந்திருக்காது.

காரணம் எளிது. மக்கள் ஓட்டுப் போடுவது அதிபருக்கு. ஆளுநராக ஒருவரை விரும்பி ஏற்றவர்கள், அவர் இரண்டாவது பெயராக நிற்கிறார் என்பதற்காகத் தேசிய அளவிலான கட்சிப் பற்றை மாற்றிக்கொள்வதில்லை. 2024 முடிந்ததும், "பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷபிரோவை எடுத்திருந்தால் கமலா ஹாரிஸ் ஜெயித்திருப்பார்" என்று பலர் எழுதினார்கள். ஷபிரோ 2022-இல் அங்கே ஏறக்குறைய 15 புள்ளி வித்தியாசத்தில் வென்றவர்தான். ஆனால் கூட்டிப் பாருங்கள்: ஹாரிஸ் பெற்றது 226. பென்சில்வேனியாவின் 19-ஐ அப்படியே சேர்த்தாலும் 245. அந்தத் தேர்தல் ஒரு மாகாணத்தில் போன தேர்தல் இல்லை.

அப்படியானால் 1960-இல் லிண்டன் ஜான்சன் டெக்சாஸைக் கொண்டுவந்தார் என்பது?

இந்த வாதத்துக்கு எப்போதும் காட்டப்படும் உதாரணம் அதுதான், அதில் சாரமும் இருக்கிறது. 1952, 1956 இரண்டிலும் டெக்சாஸ் குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்குப் போயிருந்தது. 1960-இன் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜான் கென்னடி வடக்கத்தியர், கத்தோலிக்கர். தெற்கின் புராட்டஸ்டன்ட் வாக்காளர்களுக்கு இரண்டுமே உறுத்தல். அவருடைய துணை வேட்பாளர் ஜான்சன் டெக்சாஸ்காரர், செனட் பெரும்பான்மைத் தலைவர். அவர் செனட் இடத்துக்கும் துணை அதிபர் பதவிக்கும் ஒரே நேரத்தில் நிற்க வசதியாக டெக்சாஸ் சட்டமன்றம் முன்கூட்டியே விதியை மாற்றி வைத்திருந்தது. தெற்கு முழுக்க ரயிலில் போய் ஊர் ஊராக நின்று பேசினார்.

தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு, நவம்பர் 4 அன்று, டல்லஸின் அடால்ஃபஸ் ஓட்டலுக்கு ஜான்சனும் மனைவி லேடி பேர்டும் வந்தபோது எதிர்க்கட்சிக் கூட்டம் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டது. முன்னணியில் நின்றவர் அந்தத் தொகுதியின் குடியரசுக் கட்சி எம்.பி. புரூஸ் ஆல்ஜர். ஜான்சன் வேகமாக உள்ளே போய்விடவில்லை. வேண்டுமென்றே மெல்ல நடந்தார், கேமராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தன. ஒரு பெண்மணியை இப்படியா நடத்துவது என்ற கோபம் தெற்கெங்கும் கிளம்பியது. அதுவரை ஒதுங்கியிருந்த ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல் பிரசாரத்துக்கு இறங்கி வந்தார்.

டெக்சாஸில் வித்தியாசம் 46,000 ஓட்டு. ஆனாலும் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. கென்னடி பெற்ற தேர்வாளர்கள் 303, அப்போது தேவை 269. டெக்சாஸின் 24-ஐக் கழித்தாலும் 279. டெக்சாஸோடு, 9,000 ஓட்டுக்குள் வென்ற இல்லினாயின் 27-உம் போயிருந்தால்தான் கவிழ்ந்திருப்பார். ஜான்சனின் உண்மையான பங்கு டெக்சாஸோடு நிற்கவில்லை. ஜார்ஜியா, இரண்டு கரோலினாக்கள், லூசியானா என்று தெற்கின் பெரும்பகுதி பிய்த்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொண்டார் என்பதில்தான் அது இருக்கிறது.

பிறகு எதைப் பார்த்துத்தான் துணை வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அதிபர் வேட்பாளர் மீது கட்சிக்குள் எந்தத் தரப்புக்கு நம்பிக்கை இல்லையோ, அந்தத் தரப்புக்கு ஓர் உத்தரவாதமாக.

2016 இதற்குத் தெளிவான சான்று. டிரம்ப் மூன்று முறை மணந்தவர், நியூயார்க் தொழிலதிபர், கருக்கலைப்பு விஷயத்தில் பழைய நிலைப்பாடு வேறு. வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் (பழமைவாதம் மிகுந்த புராட்டஸ்டன்ட் பிரிவினர்) வாசலில் நின்று யோசித்தார்கள். அவர்கள் பகைக் கட்சிக்குப் போக மாட்டார்கள். வீட்டில் இருந்துவிடுவார்களோ என்பதுதான் பயம். டிரம்ப் துணை வேட்பாளராக எடுத்த இண்டியானா ஆளுநர் மைக் பென்ஸ் அவர்களில் ஒருவர். உச்ச நீதிமன்றத்துக்கு யாரை நியமிப்பேன் என்ற பட்டியலை டிரம்ப் மே மாதமே வெளியிட்டிருந்தார். பட்டியலும் பென்ஸும் சேர்ந்து அந்தத் தயக்கத்தைத் தீர்த்தன. எக்ஸிட் போல்படி அவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் டிரம்ப்புக்குப் போட்டார்கள். இண்டியானா எப்படியும் குடியரசுக் கட்சிக்குத்தான் விழுந்திருக்கும். பென்ஸ் வேலை செய்தது இண்டியானாவுக்கு வெளியே.

2020-இல் ஜோ பைடன் பிரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில்) மீண்டதே தென் கரோலினாவில், அந்த மாகாணத்துக் கறுப்பின எம்.பி. ஜேம்ஸ் கிளைபர்னின் ஆதரவுக்குப் பிறகு, கறுப்பின வாக்காளர்களால். கமலா ஹாரிஸின் தேர்வு அந்த ஆதரவுக்குத் தரப்பட்ட பதில். 2024-இல் டிரம்ப் ஒஹையோவின் ஜே.டி. வான்ஸை எடுத்தபோது மாகாணக் கணக்கே கிடையாது. முந்தைய இரண்டு தேர்தலிலும் ஒஹையோ 8 புள்ளியில் அவருடையதுதான். கட்சி இனி எந்தத் திசையில் போகும் என்று சொல்வதற்கான தேர்வு அது.

சமன் செய்வதையே முற்றாக விட்டவரும் உண்டு. 1992-இல் பில் கிளின்டனும் அல் கோரும் இருவருமே தெற்கத்தியர், நாற்பதுகளில் இருந்தவர்கள். தலைமுறை மாற்றம் என்ற ஒரே செய்தியை இரட்டிப்பாக்கினார்கள், அது பலித்தது.

தவறான தேர்வு எவ்வளவு சேதம் செய்யும்?

நல்ல தேர்வு தரும் ஆதாயத்தைவிடக் கெட்ட தேர்வின் சேதம் பெரிது. 1972 ஜூலை 13 அன்று, மயாமி மாநாட்டில், ஜார்ஜ் மெக்கவர்ன் துணை வேட்பாளர் பெயரை மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். கேட்ட பலர் மறுத்துவிட்டார்கள். மிசௌரி செனட்டர் தாமஸ் ஈகிள்டனிடம் தொலைபேசியில் சில நிமிடம் பேசி முடித்தார்கள். மறைப்பதற்கு ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்றார். மனச்சோர்வுக்காக அவர் மூன்று முறை மருத்துவமனையில் சேர்ந்ததும் மின்அதிர்வு சிகிச்சை பெற்றதும் பிறகு வெளிவந்தன. மெக்கவர்ன் முதலில் ஆயிரம் சதவீதம் ஆதரவு என்றார். 18-ஆவது நாளில் ஈகிள்டன் விலகினார். மனநோய் பற்றிய அன்றைய இழிபார்வை ஒரு நல்ல அரசியல்வாதியைப் பலி வாங்கியது என்பது உண்மை, அதற்காக வருத்தப்படவும் வேண்டும். ஆனால் தேர்தலில் மெக்கவர்னைக் காயப்படுத்தியது அந்த நோயைவிட, அவருடைய தடுமாற்றம். நிக்சன் 49 மாகாணங்களை வென்றார்.

2008-இல் சாரா பேலின் துணை வேட்பாளராக அறிவிக்கப்பட்டதும் ஜான் மெக்கெய்ன் கூட்டங்களில் ஆள் நிரம்பியது, நன்கொடை குவிந்தது. சில வாரங்களில் தொலைக்காட்சிப் பேட்டிகளில் பேலின் தடுமாறினார். தேர்தல் நாள் எக்ஸிட் போலில் 60 சதவீதம் பேர் அவர் அதிபர் பொறுப்பேற்கத் தகுதியில்லை என்றார்கள். மெக்கெய்னுக்கு அப்போது 72 வயது என்பதால் அந்தக் கேள்வி வெறும் சம்பிரதாயமாக இல்லை. இதுவரை ஒன்பது துணை அதிபர்கள், அதிபர் இறந்ததாலோ விலகியதாலோ நடுவிலேயே பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள்.

சரிபார்க்கும் வேலை எப்படி நடக்கிறது?

பத்துப் பதினைந்து பெயரோடு தொடங்கும். முதலில் அவர்களுக்கே தெரியாமல் பொது ஆவணங்கள்: பேச்சு, ஓட்டுப் பதிவு, வழக்கு, பழைய பேட்டி, சமூக ஊடகப் பதிவு. பிறகு சுருக்கப்பட்ட பட்டியலில் இருப்பவர்களிடம் நீண்ட கேள்வித்தாள், பல ஆண்டு வருமான வரிக் கணக்கு, மருத்துவ விவரம், கணவன் அல்லது மனைவியின் தொழில், பிள்ளைகள், வெளிநாட்டுத் தொடர்பு எல்லாம் கேட்கப்படும். இதை நடத்துவது வக்கீல்கள் குழு. கடைசி இரண்டு மூன்று பேரை வேட்பாளரே நேரில் சந்திப்பார்.

தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, அவகாசம் இல்லாமல் போவது. மற்றொன்று, துணைவரின் பணவிவகாரம். 1984-இல் ஜெரால்டின் ஃபெராரோ துணை வேட்பாளராகக் களமிறங்கிய சில வாரத்தில் பிரசாரம் அவர் கணவரின் ரியல் எஸ்டேட் வரிக் கணக்கில் சிக்கிக்கொண்டது.

2024-இல் பைடன் ஜூலை 21 அன்று விலக, ஹாரிஸ் ஆகஸ்ட் 6 அன்று மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸை அறிவித்தார். மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை பதினாறு நாளில் முடிந்தது. இடையில் ஒஹையோவின் பெயர்ப்பதிவுக் கெடு பற்றிய கவலையால், மாநாட்டுக்குக் காத்திராமல் இணையவழி வாக்கெடுப்பில் ஹாரிஸை வேட்பாளராக உறுதி செய்தார்கள். பணப் பிரச்சினையிலும் ஜோடி முறை கைகொடுத்தது: பிரசாரக் குழு பைடன், ஹாரிஸ் இருவர் பெயரிலும் பதிவாகியிருந்ததால் கையிருப்பில் இருந்த 9 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகை ஹாரிஸின் பிரசாரத்துக்கே வந்தது. வேறு யாராவது வந்திருந்தால் அவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

ஒரு சமூகத்தின் வாக்கு மதிப்பை எப்படிக் கணக்கிடுவது?

மூன்று எண் போதும்: வாக்குரிமை உள்ளவர்கள் எத்தனை பேர், அவர்களில் வாக்களிப்பவர் சதவீதம், இரு கட்சிக்கும் விழும் பங்கின் வித்தியாசம். மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது நிகர ஓட்டு.

1,00,000 பேர் உள்ள சமூகம், 60 சதவீதம் வாக்களிக்கிறார்கள், 70-க்கு 30 என்று பிரிகிறது. வித்தியாசம் 40 சதவீதம், நிகரம் 24,000. வாக்குப்பதிவு 50-ஆகக் குறைந்தால் நிகரம் 20,000. அதுவே பதிவு மாறாமல் பிரிவு 60-க்கு 40 ஆனால் நிகரம் 12,000-க்கு விழுந்துவிடும். கட்சி மாறுகிற ஓட்டுக்கு இரட்டை மதிப்பு: இங்கே ஒன்று குறைகிறது, அங்கே ஒன்று கூடுகிறது.

ஆனால் 90-க்கு 10 என்று ஒரே பக்கம் சாய்ந்த சமூகமானால் பதிவு பத்துப் புள்ளி குறைந்தாலே 8,000 நிகர ஓட்டு போய்விடும். அதனால்தான் அப்படிப்பட்ட சமூகங்களில் கட்சி செலவிடுவது மனம் மாற்றுவதற்கு அல்ல, வாக்குச்சாவடிக்கு அழைத்து வருவதற்கு.

பதிவு குறைந்து ஒரு மாகாணமே போனதுண்டா?

மிச்சிகன், 2016. டிரம்ப் வென்றது 10,704 ஓட்டில். டெட்ராய்ட் நகரம் அடங்கிய வேய்ன் கவுன்டியில் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) 2012-இல் ஒபாமா வாங்கியதைவிட ஹிலாரி கிளின்டன் ஏறக்குறைய 76,000 ஓட்டுக் குறைவாக வாங்கினார். அதே கவுன்டியில் டிரம்ப்புக்கு முந்தைய வேட்பாளர் ராம்னியைவிடக் கூடியது சுமார் 15,000 மட்டுமே. அதாவது போன ஓட்டில் பெரும்பகுதி எதிர்த்தரப்புக்குப் போகவில்லை. பெட்டிக்கே வரவில்லை, அல்லது சிறு கட்சிகளுக்குச் சிதறியது. கிளின்டன் எடுத்த துணை வேட்பாளர் டிம் கெய்ன். அவருடைய வர்ஜீனியா வந்தது. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றும் சேர்த்து 78,000-க்கும் குறைவான ஓட்டில் போயின.

வாக்கு வங்கி என்றால் எப்போதும் அதே கட்சிக்குத்தானா?

இல்லை. டெக்சாஸின் எல்லையோரம், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஸ்டார் கவுன்டி. மக்கள்தொகையில் ஏறக்குறைய 97 சதவீதம் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். டிரம்ப்புக்கு 2016-இல் 19 சதவீதம், 2020-இல் 47, 2024-இல் சுமார் 58. குடியரசுக் கட்சி அங்கே அதற்கு முன் வென்றது 1892-இல். அந்தப் பகுதியில் எல்லைக் காவல் பணியும் எண்ணெய் வயல் வேலையும் முக்கியமான சம்பளங்கள். "லத்தீனோ என்றால் குடியேற்றப் பிரச்சினை" என்று ஒரே சட்டகத்தில் அடைத்த பிரசாரம் அங்கே எடுபடவில்லை. விலைவாசியும் வேலையும் எடுபட்டன. மயாமியின் கியூபர்கள், நெவாடாவின் ஓட்டல் தொழிலாளர்கள், பென்சில்வேனியாவின் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் எல்லாரையும் ஒரே பெயரில் எண்ணுவது கணக்கெடுப்புக்குச் சரி, ஓட்டுக் கேட்கச் சரிவராது.

சில சமயம் ஒரு கோபமே வங்கியைக் கலைக்கும். மிச்சிகனின் டியர்போர்ன் அரபு அமெரிக்கர்கள் அதிகம் வாழும் நகரம். காசா போரை ஒட்டி, 2024 பிப்ரவரி பிரைமரியிலேயே மாகாணம் முழுக்க ஒரு லட்சம் பேர் பைடனுக்குப் போடாமல் 'யாருக்கும் உறுதியில்லை' என்ற கட்டத்தைக் குறித்தார்கள். நவம்பரில் டியர்போர்னில் டிரம்ப் 42, ஹாரிஸ் 36, கிரீன் கட்சியின் ஜில் ஸ்டைன் 18 சதவீதம். பிப்ரவரியில் கிடைத்த அந்த எச்சரிக்கையைக் கட்சித் தலைமை காதில் வாங்கவே இல்லை என்பதுதான் வேதனை. மிச்சிகனின் மொத்த வித்தியாசம் 80,000 என்பதால் டியர்போர்ன் மட்டுமே முடிவைத் தீர்மானித்தது என்று சொல்ல முடியாது.

ஒரு சமூகத்தவரை நிறுத்தினால் அந்தச் சமூகத்து ஓட்டு வந்துவிடுமா?

பெரிய கட்சியின் ஜோடியில் இடம்பிடித்த முதல் பெண் ஃபெராரோ. 1984-இல் பெண்களிலும் பெரும்பான்மையினர் ரேகனுக்கே போட்டார்கள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் கமலா ஹாரிஸ். அவர் தாய் சியாமளா கோபாலன் தமிழர், தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம் மன்னார்குடி அருகே துளசேந்திரபுரம். 2020-இலும் 2024-இலும் அந்த ஊர் தர்மசாஸ்தா கோயிலில் அவருக்காக அபிஷேகம் நடந்தது, பதாகை வைத்தார்கள். அந்தப் பெருமிதத்தில் பொய்யில்லை. ஆனால் அமெரிக்காவில் வாக்குரிமை உள்ள இந்திய வம்சாவளியினர் வேறு கணக்குப் போட்டார்கள். கார்னகி நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில், 2020-இல் பைடனுக்குப் போடுவோம் என்றவர்கள் ஏறக்குறைய 70 சதவீதம். 2024-இல் ஹாரிஸ் தலைமை வேட்பாளராகவே நின்றபோது 61 சதவீதம். இளம் ஆண்களிடம் சரிவு அதிகம். ஒரு முகம் கதவைத் திறக்கும். வரி, விலைவாசி, விசா, வேலை இவற்றுக்கான பதில் வேறு.

எக்ஸிட் போல் சதவீதங்களை நம்பலாமா?

திசையை நம்பலாம், புள்ளியை நம்பக் கூடாது. 2024-இல் லத்தீனோக்களில் டிரம்ப்புக்குப் போட்டவர்கள் எத்தனை? எடிசன் எக்ஸிட் போல் 46 சதவீதம் என்றது, ஏ.பி. வோட்காஸ்ட் 43 என்றது, வாக்காளர் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பியூ ஆய்வு 48 என்றது. மூன்றும் சொல்கிற பொதுச் செய்தி ஒன்றே: 2020-ஐவிடக் கூடியிருக்கிறது. சிறிய சமூகமானால் மாதிரியில் சில நூறு பேரே இருப்பார்கள். அங்கே நான்கைந்து புள்ளி ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் தேட வேண்டாம். முடிந்தால் கவுன்டி, வார்டு வாரியான உண்மை எண்ணிக்கையைப் பாருங்கள்.

வேறு நாடுகளில் துணை வேட்பாளர் இதைவிட முக்கியமா?

நைஜீரியாவிலும் கென்யாவிலும் அப்படித்தான். அங்கே அதிக ஓட்டு வாங்கினால் மட்டும் போதாது. நைஜீரியாவில் 36 மாகாணங்களில் மூன்றில் இரண்டு பங்கிலாவது 25 சதவீதம் பெற வேண்டும். கென்யாவில் பாதிக்கு மேல் ஓட்டும், 47 கவுன்டிகளில் 24-இலாவது 25 சதவீதமும் வேண்டும். ஒரு பிராந்தியத்தை மட்டும் நம்பி யாரும் ஜெயிக்க முடியாது.

நைஜீரியாவில் 2023-இல் நின்ற போலா டினுபு தெற்கத்திய முஸ்லிம். வழக்கப்படி ஒரு கிறிஸ்தவரைத் துணையாகப் போட வேண்டும். ஆனால் அவருக்கு வேண்டியது வடக்கின் முஸ்லிம் ஓட்டு. வடக்கத்தியக் கிறிஸ்தவரால் அது வராது. யோசிக்க அவகாசம் தேவைப்பட, தேர்தல் ஆணையக் கெடுவுக்குள் ஒரு பெயரை இடம்பிடித்து வைத்துவிட்டு, 2022 ஜூலையில் போர்னோவின் முன்னாள் ஆளுநர் காசிம் ஷெட்டிமாவை அறிவித்தார். கிறிஸ்தவ அமைப்புகள் கொதித்தன. டினுபு தன் கோட்டையான லாகோஸையே இழந்தார். வடக்கு கைவிடாததால் 87.9 லட்சம் ஓட்டு வாங்கி வென்றார்.

கென்யாவில் 2022-இல் வில்லியம் ருடோவும் ரைலா ஒடிங்காவும் இருவருமே மவுன்ட் கென்யா பகுதியிலிருந்து, கிகுயு இனத்தவரையே துணையாக எடுத்தார்கள்: ரிகாத்தி கச்சாகுவா, மார்த்தா கருவா. அந்தப் பகுதி ருடோ பக்கம் நின்றது, முடிவு 50.49-க்கு 48.85. இரண்டே ஆண்டில் கச்சாகுவாவை நாடாளுமன்றம் பதவி நீக்கியது.

இலங்கையில்?

அங்கே துணை வேட்பாளர் கிடையாது. ஜனாதிபதி வேட்பாளர் தனியாகவே நிற்கிறார், வாக்காளர் விருப்பு வரிசையில் மூவரைக் குறிக்கலாம். ஆனால் வாக்கு வங்கி எப்போது எடுபடும் என்பதற்கு இலங்கைத் தமிழர் ஓட்டைவிடத் துல்லியமான பாடம் இல்லை. 2005-இல் மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை வென்றது 1,80,786 ஓட்டில். புலிகள் விதித்த புறக்கணிப்பால் வடக்கில் அநேகமாக யாரும் வாக்களிக்கவில்லை. 2010-இல் வடகிழக்குத் தமிழர் சரத் பொன்சேகாவுக்கும், 2015-இல் மைத்திரிபால சிறிசேனவுக்கும், 2019-இல் சஜித் பிரேமதாசவுக்கும் பெருவாரியாகப் போட்டார்கள். மூன்று முறையும் ராஜபக்ச குடும்பத்துக்கு எதிரான அதே ஓட்டு. ஆனால் பலித்தது 2015-இல் மட்டும். அந்த முறை சிங்கள வாக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. 2010-இலும் 2019-இலும் தெற்கில் கிடைத்த முன்னிலை பெரிது. 2024-இல் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற அரியநேத்திரன் 2,26,343 ஓட்டுப் பெற்றார்.

தேர்தல் இரவில் எதைப் பார்க்க வேண்டும்?

சதவீதத்தை விட்டுவிட்டு, முந்தைய தேர்தலில் அதே கவுன்டியில் அதே கட்சி வாங்கிய ஓட்டு எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஃபுளோரிடா வேகமாக எண்ணி முடிக்கும் என்பதால் மயாமி-டேட் கவுன்டி முதல் அறிகுறி. 2016-இல் கிளின்டன் அங்கே 29 புள்ளியில் முன்னிலை, 2020-இல் பைடன் 7 புள்ளி, 2024-இல் டிரம்ப் 11 புள்ளியில் வென்றார். லத்தீனோ ஓட்டு நகர்வதை அந்த ஒரு வரியே சொல்லிவிட்டது. பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தபால் ஓட்டைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் அங்கே முன்னிரவில் வரும் முன்னிலையை எந்தச் சமூகத்தின் தலையிலும் கட்டிவிடாதீர்கள். பிலடெல்பியா, மில்வாக்கி நகரங்களின் தபால் ஓட்டு சேரும் வரை காத்திருங்கள். மில்வாக்கி அதை ஒரே மூட்டையாக நள்ளிரவுக்குப் பிறகுதான் பெரும்பாலும் வெளியிடும்.